துவக்குக்காரன்ர சட்டி

போன மாதம் எசன் நகரத்தில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். மண்டபத்தின் பின்மேசையில் எங்கட வயசுக்காரர் நாங்கள் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டோம். எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது, சிலருக்கு நரைக்கத் தலையில் ஒன்றுமில்லை. சாப்பாடு வரப் பிந்த, பேச்சு ஸ்பெர்முல் பக்கம் திரும்பியது. உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஜெர்மன்காரர் வேண்டாத தட்டுமுட்டுச் சாமான்களை ரோட்டோரம் வைக்கிற அந்த நாளை எங்கட அப்பாமார் தீபாவளியைவிட ஆவலாகப் பார்த்திருந்தவை. தங்கட வீட்டு சோபாவுக்கு மூன்று கால்தான், நாலாவது காலுக்குத் தொலைபேசிப் புத்தகம் என்றான் ஒருத்தன். இன்னொருத்தி சொன்னாள்: "நான் படுத்த கட்டிலிலை ஆரோ ஒரு பெடியன்ர பேர் செதுக்கிக் கிடந்தது. அவன்தான் எனக்கு மாப்பிள்ளை எண்டு கனகாலம் நினைச்சுக்கொண்டு இருந்தனான்." வயிறு நோகச் சிரித்தோம்.

"உங்கட வீட்டுக்கு என்ன வந்தது?" என்று என்னைக் கேட்டார்கள்.

"ஒரு சட்டி," என்றேன்.

"சட்டியோ? அவ்வளவுதானோ?" என்று அதற்கும் ஒரு சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது, மற்றவையின்ர பிறந்தநாளில் போய் ஒப்பாரி வைக்கிறதோ? ஆனால் வீட்டை வந்த பிறகு மனம் ஆறவில்லை. அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன், கேளுங்கோ.

நாங்கள் அப்போது ஹம் நகரத்தில் இருந்தோம். ரயில் பாதைக்குப் பக்கத்தில் பழைய செங்கல் வீடு. மேல்மாடியில் அப்பா, அம்மா, நான், இரண்டு வயதுத் தம்பி. எனக்கு ஒன்பது வயது. கீழ்வீட்டில் ஒரு கிழவர் தனியாக இருந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். மனுசி செத்துப்போச்சு, பிள்ளைகுட்டி இல்லை. அவருக்கென்று மிஞ்சி இருந்தது ஒரு கோதாரி விழுந்த ரிவோல்வர்.

அது அவரின் பாட்டன் இராணுவத்தில் இருந்தபோது வைத்திருந்ததாம். முற்றத்து வாங்கில் வைத்து எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது ஒருமுறை கண்டேன். கறுத்துத் தடித்து, எங்கட தேங்காய் துருவுபலகையைவிடப் பாரமாக இருக்கும் போலிருந்தது. குழாயின் வாய் என் சுண்டுவிரல் போகிற அகலம். அவ்வளவு பழைய துவக்குக்குத் தோட்டா கடையில் விற்கிறதில்லை. அதனால் மனுசன் தானே செய்தார். கூரை வேலை செய்கிறவர்களிடம் மிஞ்சின ஈயத்தகடுகளை வாங்கிவந்து, வீட்டுக்குக் கீழே இருந்த நிலவறையில், கெல்லரில், உருக்கி வார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை அதைச் சுடும் சங்கத்துக்குக் கொண்டுபோய், காகிதத்தில் கீறின வட்டத்துக்குச் சுட்டுவிட்டு வருவார். அவ்வளவுதான் அவரின் பொழுதுபோக்கு. கட்டின மனுசி செத்த வீட்டில் ஒரு மனுசனுக்குக் கையை அசைக்க ஏதாவது வேண்டும்தானே.

கெல்லரின் சின்ன ஜன்னல் முற்றத்து நிலத்தோடு ஒட்டி இருந்தது. நான் குந்தியிருந்து பார்ப்பேன். ஈயம் உருகினால் கண்ணாடி மாதிரி மினுங்கும். மேலே படர்கிற ஆடையை வழித்து எறிந்துவிட்டு, கரண்டியால் அள்ளி, இட்டலித்தட்டில் மா விடுகிற மாதிரி அச்சின் குழியில் விடுவார். கொஞ்சம் பொறுத்து ஒரு கட்டையால் அச்சைத் தட்ட, பளபளவென்று குண்டு துணியில் விழும். பிறகு அதன் இடுப்பில் இருக்கிற வரிக்குள் தேன்மெழுகு அப்புவார். அந்த மெழுகு இன்றைக்கும் எங்கேயாவது தேவாலயத்தில் மணத்தால் எனக்கு அந்தக் கெல்லர் ஜன்னல்தான் கண்ணுக்குள் வரும். கடைசியில் சின்னத் தராசில் வெடிமருந்தை நிறுத்து, பித்தளைக் கோதுக்குள் கொட்டி, குண்டை மேலே வைத்து அமத்துவார். எல்லாம் ஆறுதலாக, பிள்ளைக்குச் சோறு தீத்துகிற பொறுமையோடு செய்வார்.

ஆனால் என்னை உள்ளே விடமாட்டார். வாசல்படியில் கால் வைத்தாலே, "வெளியாலை நில்!" என்று சத்தம் போடுவார். பனி கொட்டினாலும் ஜன்னலைத் திறந்துதான் வைப்பார். கோப்பிக் குடுவை வெளிப்படியில்தான் இருக்கும், உள்ளே கொண்டுபோகமாட்டார். வேலை முடிந்தால் முற்றத்துக் குழாயடியில் முழங்கை மட்டும் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பார். விசர் மனுசன், குளிரிலை நிண்டு கை தேய்க்குது என்று நான் நினைத்ததுண்டு.

அப்பாவுக்கு இந்த விசயம் தெரியவந்த அன்று வீடு இரண்டுபட்டது. அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, ஊரில் சந்தியில் நின்ற இடத்திலேயே வெடிபட்டுச் செத்தவர். அந்தச் செத்தவீடு முடிந்த கையோடுதான் நாங்கள் வெளிக்கிட்டது. "வெடிக்குத் தப்பி ஓடி வந்தனாங்கள்," என்றார் அப்பா. "இப்ப வெடி செய்யிறவன்ர தலைக்கு மேலை வந்து குடியிருக்கிறம். நல்ல வடிவாத்தான் இருக்கு." அடுத்த நாளே வேறு வீடு கேட்டு அரசாங்கக் கந்தோருக்கு, ஆமிட்டுக்குப் போனார். வீடு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்றையிலிருந்து கீழ்வீட்டு மனுசனுக்கு எங்கட வீட்டில் பேர் துவக்குக்காரன். அவரோடு கதைபேச்சு வைத்தால் கால் முறியும் என்று எனக்குச் சட்டம்.

அம்மா கொஞ்சம் வேறு மாதிரி. "ஆளைப் பார்த்தால் பாவமாக் கிடக்கு," என்பா. அப்பா வேலைக்குப் போன ஒரு தீபாவளி நாள், தட்டில் வடையும் முறுக்கும் அடுக்கி, சீலைக்கு மேலே குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினா. நான் படியில் நின்று பார்த்தேன். துவக்குக்காரன் கெல்லர் வாசலில் வந்து நின்றார். கையெல்லாம் சாம்பல் கறுப்பு. தட்டைக் கண்டதும் சூடு பட்டவர் மாதிரிப் பின்னாலே பாய்ந்து, இரண்டு கையையும் மேலே தூக்கி, "நைன்! நைன்!" என்று, வேண்டாம் வேண்டாம் என்று கத்தினார். இன்னும் என்னவோ அவசரமாகச் சொல்லிக்கொண்டு முழங்கையால் கதவைத் தள்ளிச் சாத்தினார்.

அம்மா தட்டோடு அப்படியே நின்றா. பிறகு திரும்பி மேலே வந்து, தட்டை மேசையில் வைத்துவிட்டு, "எங்கட கை பட்ட சாப்பாடு எண்டால் அருவருப்பாக்கும்," என்றா. அன்றைக்கு அம்மா ஒரு வடைகூட வாயில் வைக்கவில்லை. அடுத்த நாள் காலையில் எங்கட கதவடியில் ஒரு சொக்லேட் பெட்டி இருந்தது. "பிச்சை போடுறாரோ?" என்று அதை அப்படியே குப்பைக்குள் போட்டா. எனக்குச் சொக்லேட் போன கவலை. அதோடு அம்மாவும் அவரைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகத் தொடங்கினா. அவர் பிறகும் சில நாள் படியில் நின்று ஏதோ சொல்ல வெளிக்கிட்டவர்தான். நாங்கள் நின்றால்தானே.

குளிர் விட்ட பிறகு துவக்குக்காரன் ஈயம் உருக்க மின்சாரப் பானை ஒன்று வாங்கினார். ஜன்னலால் பார்த்தபோதெல்லாம் என் கண் மினுங்குகிற ஈயத்தில்தான். முந்தி எதில் உருக்கினார் என்று நான் கவனித்ததேயில்லை. அந்தக் காலத்தில் பழைய இரும்பு எடுக்கிற லொறி புல்லாங்குழல் பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கட தெருவுக்கு வரும், ஞாபகமோ? அது வருகிற நாளுக்குத் தெருவே மூலையில் ஒரு கும்பி குவிக்கும். ஓட்டைக் குழாய், சைக்கிள் சட்டம், உடைந்த அடுப்பு. கடைக்குப் போய்வந்த அம்மா அந்தக் கும்பியைக் கடக்கும்போது ஒரு சட்டியைக் கண்டுவிட்டா.

சின்ன இரும்புச் சட்டி. தடித்த அடி, ஊத்துவதற்கு ஒரு பக்கம் மூக்கு. உடைந்துபோன கைப்பிடிக்குப் பதிலாக ஆரோ ஒரு தடிக் கம்பியை வளைத்துப் போல்ட் போட்டுப் பூட்டியிருந்தார்கள். "கடவுளே, இப்பிடி ஒரு சட்டியை ஊரிலை ஆராவது எறிவினமோ!" என்று கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு வந்தா. அது ஆருடையது என்று எங்களுக்கு என்ன தெரியும்? கும்பி முழுத் தெருவுக்கும் சொந்தம்.

புதுச்சட்டியைப் பழக்கித்தான் அடுப்பில் வைக்கவேண்டும். அது அம்மாவுக்கு அம்மாவின் அம்மா காட்டின முறை. விளையாட்டு முற்றத்து மணல் போட்டுத் தேய்த்தா. புளி கரைத்து ஊத்திக் கொதிக்க வைத்தா. பிறகு நாள்க்கணக்காகக் கஞ்சித்தண்ணி, அதற்குப் பிறகு எண்ணெய். கடைசியில் சட்டி கருகருவென்று மினுங்கியது. நாலு பேருக்குச் சமைக்கக் காணாது. ஒரு பிள்ளைக்கு அளவு. அதனால் அது தம்பியின் சட்டி ஆயிற்று.

தம்பி அப்போது கொழுகொழுவென்று ஒரு பெடியன். வாய் மூடமாட்டான். அப்பா ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவர் என்றபடியால், ஜன்னலால் எந்த ரயில் போனாலும் "அப்பா!" என்று கத்துவான். சரக்கு ரயில் போனாலும் அப்பா, எதிர்ப்பக்கம் போனாலும் அப்பா. "உனக்கு எத்தினை அப்பாவடா?" என்று அம்மா அவன் கன்னத்தைக் கிள்ளுவா. அவனுக்குச் சளி பிடிக்கிற உடம்பு. அதனால் நாள்தோறும் மத்தியானம் அந்தச் சட்டியில் புளி விட்டு, மிளகும் உள்ளியும் மல்லியும் தட்டிப் போட்டு ஒரு ரசம். சோற்றில் குழைத்துத் தீத்துவா, மிச்சத்தைக் கிண்ணத்தில் குடிப்பான். நான் ஒருநாள் களவாக ஒரு வாய் குடித்தேன். கொஞ்சம் இனித்தது.

"சீனி போட்டனீங்களோ அம்மா?"

"ரசத்துக்கு ஆரடி சீனி போடுறது? அது சட்டியின்ர குணம்," என்றா அம்மா பெருமையாக.

அந்தக் கோடையில்தான் தம்பி வாடத் தொடங்கினான். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு முகம் வெளிறிச் சோற்றைத் துப்பினான். அம்மா தெரிந்த அக்காமார் எல்லாரையும் கேட்டா. ஒருத்தி கண்ணூறு என்றா. உப்பும் மிளகாயும் சுத்தி அடுப்பில் போட்டோம். இன்னொருத்தி வயிற்றில் பூச்சி என்றா. அப்பா மட்டும் உறுதியாக இருந்தார்: "கீழை நிண்டு அவன் டக்கு டக்கெண்டு தட்டுறான். பிள்ளை பயந்துபோச்சு. வேறையொண்டுமில்லை." திருநீறு போட்டுப் பார்த்தார்கள், கையில் நூல் கட்டினார்கள். அம்மா தன்னால் ஆனதைச் செய்தா. பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை, ரசம் மட்டும்தான் இறங்கியது. அதனால் ரசத்தை இரவிலும் வைத்தா.

ஒருநாள் பின்னேரம் நீள ரயில் ஒன்று போனது. தம்பி ஜன்னலடியில் நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா போறார் பாரடா," என்று நான் சொல்லிக் கொடுத்தேன். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டான். அன்றிரவு கை கால் வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

இரத்தத்தில் ஈயம் என்றார்கள். நான்தான் மொழிபெயர்த்தேன், வேறு ஆர் இருந்தது? எங்களில் கனபேருக்கு அந்த வயசில் அந்த வேலைதானே. அப்பாவுக்கு மிச்சம் கேட்கத் தேவையிருக்கவில்லை. "துவக்குக்காரன்!" என்று கத்தின கத்தலில் தாதிமார் ஓடி வந்தார்கள்.

அடுத்த நாள் சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு பெண் வந்தா. தண்ணிக் குழாயைப் பார்த்தா, சுவர்ப் பூச்சைச் சுரண்டினா, விளையாட்டுச் சாமான்களை எடுத்துப் பார்த்தா. கடைசியாகக் கேட்டா, வீட்டில் பழைய பாத்திரம் பண்டம் ஏதாவது இருக்கிறதோ என்று. அவ்வளவு டொச் பாசை அப்பாவுக்கே தெரியும். முகம் சிவந்துபோனது. ஸ்பெர்முல் பொறுக்கிச் சாப்பிடுகிற குடும்பம் என்று ஒரு ஜெர்மன்காரி எழுதிக்கொண்டு போவதோ? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அல்லெஸ் நொய்," என்றார். எல்லாம் புதுசு, கடையில் வாங்கினது. அந்தப் பெண் தலையாட்டிவிட்டுக் கெல்லருக்கு இறங்கினா.

சட்டப்படி எல்லாம் சரியாக வைத்திருந்தவர்தான் அந்த மனுசன். ஆனாலும் பொலிஸ் வந்து, பாவம், ரிவோல்வரை எடுத்தது, ஈயக்கட்டிகளை எடுத்தது, அச்சு, பானை, கோது எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக ஏற்றியது. முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவைக் கண்டதும் கிட்ட வந்து, "நான் கவனமாகத்தான் செய்தனான்," என்றார். அப்பா அவர் காலடியில் துப்பினார். அவர் குனிந்து அதைப் பார்த்தார், பிறகு உள்ளே போனார்.

தம்பி ஆஸ்பத்திரியில் தேறினான். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது, என்னை "யக்கா" என்று கூப்பிட்டான். எங்களுக்குத் தேர்த்திருவிழா மாதிரி. "உந்தச் சப்புச் சாப்பாட்டிலை பிள்ளை எலும்பாப் போச்சு," என்று, வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மா அடுப்பைப் பத்த வைத்தா. இழந்ததை எல்லாம் திருப்பி ஊட்டிவிடுகிற வேகம்.

இலையுதிர் காலம் முடிவதற்குள் திரும்பவும் இழுப்பு வந்தது. முந்தினதைவிட மோசம். அம்புலன்ஸில் அப்பா கூடப் போனார். அம்மா வீட்டில் நின்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரசம் வைத்துக்கொண்டு இருந்தா. பக்கத்தில் பிளாஸ்க் கழுவித் திறந்து வைத்திருந்தது. அப்போது கதவு தட்டினது.

துவக்குக்காரன். கையில் ஒரு பை தோடம்பழம். அம்புலன்ஸைக் கண்டிருக்கிறார். அம்மா என்ன நினைத்தாவோ தெரியாது, வீடு தேடி வந்த ஆளை வாசலில் நிறுத்தி வைத்து அவவுக்குப் பழக்கமில்லை. "உள்ளை வரச் சொல்லு பிள்ளை. இருக்கச் சொல்லு. தேத்தண்ணி குடிக்கிறாரோ எண்டு கேள்."

ஓம் என்று தலையாட்டினார். கோப்பையை வாங்க முந்தி இரண்டு கையையும் விரித்து அம்மாவுக்குக் காட்டினார். "இப்ப சுத்தம்," என்றார். "அண்டைக்கு என்ரை கையிலை ஈயம். அந்தக் கையாலை உங்கட சாப்பாட்டைத் தொட ஏலாது. அந்த அறைக்குள்ளை சாப்பாடே வரக்கூடாது. அதைத்தான் சொன்னனான்." நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. "ஐயோ, அதுக்கோ அந்தாள் அப்பிடிக் கத்தினது?"

பிறகு அவர், கெல்லரில் இருந்த ஈயம் எல்லாம் போய் இவ்வளவு காலமாகிவிட்டதே, பிள்ளைக்கு எப்படித் திரும்ப வந்தது என்று கேட்டார். கேட்டுக்கொண்டே குசினியைச் சுத்திப் பார்த்தார். குழாய், ஜன்னல், அடுப்பு. அடுப்பில் கண் நின்றது. கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். போய், போல்ட் போட்ட அந்தக் கம்பிப்பிடியை வெறுங்கையால் பிடித்தார். சுட்டிருக்கவேணும். விடவில்லை.

"இது என்ரை சட்டி."

நான் சொன்னதும் அம்மா பதறிப்போனா. "களவெடுக்கேல்லை எண்டு சொல்லு! குப்பையிலை கிடந்தது எண்டு சொல்லு! வேணுமெண்டால் கொண்டுபோகச் சொல்லு!"

அவர் அதில்லை என்று தலையை ஆட்டினார். என்னிடம் இரண்டாவது வசனத்தைச் சொன்னார். அதை நான் உடனே மொழிபெயர்க்கவில்லை. இன்றைக்கும் யோசிக்கிறேன், எங்களுக்கு இரண்டு பாசையும் தெரிந்தது ஒரு வரமோ சாபமோ என்று. அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"அவர் இதுக்குள்ளைதானாம் அம்மா ஈயம் உருக்கினவர். வருசக்கணக்கா."

ரசம் பொங்கி அடுப்பில் வடிந்தது. அம்மா சட்டியைப் பார்த்தா, பிளாஸ்க்கைப் பார்த்தா. அழுவா என்று நினைத்தேன். அழவில்லை. சின்னக் குரலில், பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் பதில் சொல்கிற பிள்ளை மாதிரிச் சொன்னா:

"அவருக்குச் சொல்லு பிள்ளை. நான் பழக்கித்தான் வைச்சனான். மண் போட்டுத் தேய்ச்சு, புளி விட்டுக் கொதிக்க வைச்சு, நல்லாப் பழக்கினனான் எண்டு சொல்லு."

சொன்னேன். அந்தக் கிழவர் எங்கட குசினி நிலத்தில் முழந்தாள் குத்தி இருந்து அழுதார்.

அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து விசயத்தைக் கேட்டுவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கீழே இறங்கினார். என்னைக் கூப்பிடவில்லை. என்ன பேசினாரோ, அப்பாவுக்கு அந்தளவு டொச் இல்லை. திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. ரிவோல்வரைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று பொலிஸ் எழுதியபோதும் அந்த மனுசன் போய் எடுக்கவில்லை. அடுத்த வருசமே சகோதரி வீட்டுக்குப் போய், அங்கேயே செத்தார் என்று கேள்வி.

தம்பி பிழைத்தான். அவ்வளவுதான் சொல்ல ஏலும். போன சொற்கள் திரும்பி வரவில்லை. அம்மா தன் கடைசி நாள் வரைக்கும் ரசம் வைக்கவேயில்லை. ஆர் வீட்டிலாவது மணத்தால் எழும்பி வெளியே போய்விடுவா. "என்ரை பிள்ளைக்கு நானே," என்று தொடங்குவா, முடிக்கமாட்டா. ஏனம்மா, நீங்கள் என்ன கண்டீங்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருப்போம். கேட்டால்தானே.

அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. ஹம்மிலேயே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறான். சனிக்கிழமை நான் போவேன். ஜன்னலடியில் இருந்து ரயில் பார்ப்பான், பேர் சொல்லமாட்டான். அவனிடம் மிஞ்சின சொல் ஒரு கைப்பிடி. அதில் ஒன்று ரசம். அம்மா செத்த பிறகு முதல்முறையாக நான் எவர்சில்வர் சட்டியில் வைத்து பிளாஸ்க்கில் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினான். "இல்லை," என்றான். அடுத்த கிழமையும் இல்லை என்றான். உள்ளியைக் கூட்டிப் பார்த்தேன், மிளகைக் குறைத்துப் பார்த்தேன். என்னடா உனக்கு வேணும் என்று ஒருநாள் கோபத்தில் கேட்டுவிட்டு, காருக்குள் வந்து இருந்தபோதுதான் எனக்கு நான் களவாகக் குடித்த அந்த ஒரு வாய், ஈயத்தின் அந்த இனிப்பு, நாக்கில் வந்தது.

இப்போது இறக்குவதற்கு முந்தி ஒரு கரண்டி சீனி போடுகிறேன். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டு மட்டும் குடிக்கிறான். குடித்துவிட்டு, "அம்மா," என்கிறான்.